மூன்றாவது குடுவை எங்கே?

கேள்வி: டிஸ்டோபியா நாவல்களில், அதாவது சீர்கெட்ட கற்பனை உலகைக் காட்டும் கதைகளில், கொடுங்கோல் அரசு மனிதர்களை ரகம் பிரிக்கிறது, இளைஞர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். ஆனால் ஆண், பெண் என்ற பிரிவை மட்டும் யாரும் தொடுவதில்லையே? திருநர் நாயகர்களே கிடையாதா?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2008-ல் வந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில், சாகும்வரை மோதும் போட்டிக்கு அரசு பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? மேடையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பையன்களின் பெயர்ச் சீட்டுகள், மற்றதில் பெண்களுடையவை. 12 மாவட்டங்கள், 24 பிள்ளைகள். அரசையே ஆட்டிவைக்கப்போகும் கதையில், ‘என் சீட்டு எந்தக் குடுவையில்?’ என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. முதல்முறை படித்தபோது நானும் கவனிக்கவில்லை.

அப்புறம் 2019-ல் ‘பெட்’ (Pet) நாவல் வந்தது. எழுதியவர் நைஜீரியாவில் பிறந்த அக்வேகே எமேசி. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ அவர் சொல்லிக்கொள்வதில்லை. தமிழுக்கு இதில் சிரமமே இல்லை, ‘அவர்’ போதும். நாயகி ஜாம் ஒரு திருநங்கை. பெரும்பாலும் சைகையில்தான் பேசுவாள். மூன்று வயதில் அவளைப் பையன் என்று சொல்லப்போக, ‘பெண்! பெண்! பெண்!’ என்று கத்தினாள். பெற்றோர் புரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ‘பிரச்சினை’ எப்போது வெடிக்கும் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்து நான்தான் அசடு வழிந்தேன்.

நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. ‘இங்கே அரக்கர்கள் ஒழிந்துவிட்டார்கள்’ என்று லூசில் நகரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறது. அம்மா வரைந்த ஓவியத்தில் ஜாமின் ரத்தம் பட, கொம்பும் இறகுமாக ஓர் உருவம் அதிலிருந்து எழுந்து வருகிறது. அவளுடைய நண்பன் வீட்டில் ஓர் அரக்கன் இருக்கிறான், வேட்டையாட வந்திருக்கிறேன் என்கிறது. வந்த வழியே அதை அனுப்பிவிடு என்கிறார்கள் பெற்றோர். மகள் பெண் என்பதை ஒரே கத்தலில் ஏற்றுக்கொண்ட அதே பெற்றோர்!

இதற்கு நேர் எதிர் ரகம், 2022-ல் ஆண்ட்ரூ ஜோசப் ஒயிட் எழுதிய ‘ஹெல் ஃபாலோட் வித் அஸ்’. பெஞ்சி, 16 வயதுத் திருநம்பி. உலகையே அழித்த மதவெறிக் கூட்டம் அவன் உடம்பில் கிருமியை ஏற்றி ஆயுதமாக்கப் பார்க்கிறது, தப்பி ஓடுகிறான். இங்கே அவன் ஆண் என்பதற்கும் போராட வேண்டியிருக்கிறது, தன் உடம்பு தன்னுடையது என்பதற்கும்.

முதலில் ‘பெட்’ படியுங்கள், சின்னப் புத்தகம்தான். பெஞ்சியின் கதையைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து மட்டும் திறக்காதீர்கள்.