டிங்கரிங் லேபில் மாணவிகள் நோட்டு மட்டும் எழுதுகிறார்கள்

முதலில் குழுவைச் சிறிதாக்குங்கள். ஊக்கப் பேச்சு அப்புறம். உங்கள் பள்ளி டிங்கரிங் லேபில், அதாவது பிள்ளைகள் கையால் செய்து பழகும் கூடத்தில், எட்டாம் வகுப்பில் நாலு பேருக்கு ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டு), பையன்கள் வயர் செருக மாணவிகள் படம் வரைகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு போர்டில் இரண்டு பேருக்குத்தான் வேலை இருக்கும்; மற்றவர்கள் கையில் பேனாதான் மிஞ்சும்.

ஆர்வக் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் முன்பழக்கம்தான் காரணம். வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்த பிள்ளை முதல் நாளே முந்திக்கொள்ளும். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி தொடக்க நிரல் வகுப்பை முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தது. வேறு சில மாற்றங்களும் சேர, 2006-ல் சுமார் 10 சதவீதமாக இருந்த கணினி அறிவியல் மாணவிகள் சில ஆண்டுகளில் 40 சதவீதத்தை எட்டினார்கள்.

அடுத்த வகுப்பில்:

1. 10 நிமிடம் எதுவும் சொல்லாமல், பிரெட்போர்டை (வயர் செருகி இணைக்கும் துளைப் பலகை) தொடுவது யார் என்று மட்டும் எண்ணுங்கள்.

2. பழக்கத்தில் சமமான இருவரைச் சேர்த்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயரையும் நோட்டையும் கைமாற்றச் சொல்லுங்கள். எல்.இ.டி. (நீளக் கால் பிளஸ் பக்கம் இருந்தால்தான் எரியும் சின்ன விளக்கு) எரியவில்லை என்றால் நீங்கள் வாங்கிச் சரிசெய்யாதீர்கள். "நீளக் கால் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம், ஆனால் அதுதான் பாடம்.

ஒன்று மட்டும்: இதற்குப் பிறகும் மாணவிகள் வருகை குறைந்தால் காரணம் லேபுக்கு வெளியே இருக்கலாம். பள்ளி விட்ட பிறகு நடத்தினால் ஊர் பஸ் நேரத்தைப் பாருங்கள். மதிய வேளைக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.