ஈரானியப் பெண்களின் கால்பந்து – கடிதம்

வணக்கம் சார்,

2022 ஆசியக் கோப்பையில், நவி மும்பையில், நம் பெண்கள் அணி ஈரானோடு 0-0 என்று சமன் செய்த ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். அந்த கோல்கீப்பர் எல்லாவற்றையும் பிடித்துத் தொலைத்தார். தலையை மூடிக்கொண்டு ஆடுகிறவர்களைக்கூட நம்மால் ஜெயிக்க முடியவில்லையே என்று எரிச்சல். அந்தத் துணி இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் நன்றாக வந்திருப்பார்கள், இல்லையா?

சரவணன், திருப்பூர்

அன்புள்ள சரவணன்,

துணியைவிடச் சுவர்தான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 1979 புரட்சிக்கு முன்பே அங்கே பெண்கள் அணிகள் இருந்தன. பெண்கள் ஆடுவதை ஆண்கள் பார்க்கக் கூடாது என்று ஆனபின் திறந்த மைதானம் போயிற்று, கூரை போட்ட உள்ளரங்கம்தான் மிஞ்சியது. அதனால் வளர்ந்தது ஃபுட்சால், அதாவது உள்ளரங்கில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து. அதில் 2015, 2018 இரண்டிலும் ஆசிய சாம்பியன்கள். இரண்டு முறையும் இறுதியில் தோற்றது ஜப்பான்! பெரிய மைதானத்துக்குத் தேசிய அணி அமைந்ததோ 2005இல்தான். நீங்கள் பார்த்த அதே தொடரில் சீனாவிடம் 7 கோல் வாங்கினார்கள்.

துணியும் தடுத்தது, ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. 2011 ஜூனில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு ஜோர்டானின் தலைநகர் அம்மானுக்குப் போனார்கள். கழுத்தை மறைக்கும் துணி விதிக்கு எதிரானது என்று சொல்லி ஆடவே விடவில்லை, ஜோர்டானுக்கு 3-0 என்று எழுதிவிட்டார்கள். துணியைக் கழற்றினால் ஊர் விடாது, கட்டினால் ஃபிஃபா விடாது. 2014இல்தான் விதி மாறியது. வீட்டுக்குள் வேறு கதை: 2015 ஃபுட்சால் கோப்பைக்கு அணித் தலைவி நிலூஃபர் அர்தலானால் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கணவரின் சம்மதம் வேண்டும், அவர் தரவில்லை.

எனக்குப் பிடித்தது பாம் என்ற ஊரின் கதை. தெஹ்ரானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், பாலைவனத்தில் பேரீச்சைத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. 2003 டிசம்பர் 26, அதாவது நம் சுனாமிக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, பூகம்பத்தில் பழைய மண்கோட்டையோடு ஊரே சரிந்தது. 26,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஊர் நகராட்சியின் அணிதான் பின்னாளில் பெண்கள் லீகைத் திரும்பத் திரும்ப ஜெயித்தது. இப்போது அதன் பெயர் காத்தூன் பாம். நம் ஊர் முஸ்லிம் பெண்களின் பெயரில் வருகிற அதே காத்தூன்தான். அதன் பயிற்சியாளர் மர்ஸியே ஜஃபாரி பிறகு தேசிய அணிக்கும் பயிற்சியாளரானார். 2025 ஜூலையில், அதே அம்மானில், அதே ஜோர்டானை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

அப்புறம் அந்த கோல்கீப்பர். பெயர் ஸோரே கூதாயி. 2021இல் தாஷ்கண்ட்டில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, ஈரானை முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குக் கொண்டுவந்தவர். அன்று தோற்றதும் ஜோர்டான்தான். இவர் பெண்தானா என்று விசாரியுங்கள் என ஜோர்டான்காரர்கள் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினார்கள். உங்கள் எரிச்சல் எவ்வளவோ தேவலை.