பழைய லெக் வைஸுக்குத் தரை வரை கால் எதற்கு? அதைச் சரிசெய்து நிறுத்துவது எப்படி?

லெக் வைஸ் என்பது கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி. ஒரு தாடை மட்டும் கீழே நீண்டு தரை வரை கால் ஊன்றி நிற்கும். அதன் உயிரே அந்தக் கால்தான். சம்மட்டி அடி கால் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். உரலைத் தரையில் வைத்து இடிப்பதற்கும் மேசைமேல் வைத்து இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மேசை வைஸ் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, பலமான அடியில் விரிசல் விடலாம். லெக் வைஸ் இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்தது, தாங்கும்.

மதுரையில் பழைய இரும்புக் கடையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், முதலில் திருகைக் கழற்றி மரையைப் பாருங்கள். மரை வரிகளின் முகடு தட்டையாக இருக்க வேண்டும். தேய்ந்து கூராகிவிட்டதா, வாங்காதீர்கள். வெறும் துரு என்றால் பயமில்லை. டீசலில் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸை அள்ளிப் பூசுங்கள்.

அப்புறம், தடித்த புளிய மரத்தூணை ஆழமாக நட்டு அதில் இறுக்குங்கள். கால் நுனி கருங்கல்லில் வெட்டிய குழியில் பதிய வேண்டும். தாடை உங்கள் முழங்கை உயரத்துக்கு வந்தால் சரி.

அகலத் திறக்கும்போது தாடைகள் இணையாக நிற்காததைப் பழுது என்று நினைத்துப் பலர் ராவித் தள்ளுகிறார்கள். கீழே கீல் இருப்பதால் அது அப்படித்தான் திறக்கும்.