மானாவாரி நிலக்கடலைக்கு வருஷா வருஷம் பூஞ்சை மருந்து அடித்தே ஆகணுமா?

தேவையில்லைங்க. நோய் இருக்கிறதோ இல்லையோ, 35ஆம் நாள் ஒன்று, 50ஆம் நாள் ஒன்று என்று நாள் கணக்கு வைத்து அடிப்பது நம் சேலம் மாவட்டத்து ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துச் செம்மண் காட்டுக்குக் கட்டுப்படியாகாது. மழை விடாமல் பிடித்துக்கொண்ட வருஷம் வேறு கதை, அதற்கு வருகிறேன்.

மருந்து, ஆள் கூலி, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு தெளிப்பு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (தண்ணீரைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, கிணறு இல்லாத மேட்டுக்காட்டுக்கு 200 லிட்டர் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்). 2024-25க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். அந்த விலை கிடைத்தாலே ஒரு தெளிப்புக்கு 22 கிலோ காய் போச்சு, இரண்டுக்கு 44. மழை ஏமாற்றி ஏக்கருக்கு 400 கிலோதான் தேறும் என்கிற வருஷத்தில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும். அந்த மாதிரி வருஷத்தில் விளைச்சலைக் கெடுப்பது, பூவிலிருந்து காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்கும்போது ஈரம் இல்லாததுதான். அதற்கு எந்த மருந்தும் கிடையாது.

டிக்கா என்கிற இலைப்புள்ளிப் பூஞ்சை நோய் பரவ இலை மணிக்கணக்கில் நனைந்தே கிடக்க வேண்டும். ஆடியில் விதைத்த கடலை காய் பிடித்து முற்றுகிற நேரத்தில் புரட்டாசி மழை அடைத்துக்கொண்டு பெய்தால், அதில் ஒரு வகையான பின்பருவ இலைப்புள்ளியும், துரு என்கிற இன்னொரு பூஞ்சை நோயும் சேர்ந்தே வரும், பாதி விளைச்சல்கூடப் போகலாம். அந்த வருஷம் 22 கிலோவுக்கு யோசிக்கவே கூடாது. ஆனால் செடிக்கு அறுபது நாள் ஆகும்போது காட்டுக்குள் இறங்கி அடி இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடிப்பக்கம் கரும்புள்ளி இருந்தால் இலைப்புள்ளி, அது இலையை உதிர்த்துவிடும். ஆரஞ்சுப் பொடி கையில் ஒட்டினால் துரு, அதில் இலை காய்ந்தாலும் செடியிலேயே தொங்கும். ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கார்பன்டாசிம் என்கிற பூஞ்சை மருந்து துருவுக்குக் கேட்காது. மேங்கோசெப் அல்லது குளோரோதலோனில்தான் இரண்டுக்கும் ஆகும். கடையில் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராமல் டப்பாவில் என்ன மருந்து என்று படித்துவிடுங்கள். பறிக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, அப்போதுதான் புள்ளி தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள், அந்தக் காசு திரும்பாது.

அப்புறம், செடி அடியில் வெள்ளை நூல் படர்ந்து கடுகு மாதிரி உருண்டைகளோடு வாடினால் அது தண்டழுகல். இலைமேல் அடிக்கிற மருந்து அதற்குப் போய்ச் சேராது.

வருஷா வருஷம் தவறாமல் செய்யலாம் என்று நான் சொல்வது, விதைக்கும் முன் விதையோடு கலக்கிற விதை நேர்த்தி ஒன்றைத்தான். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை), செலவும் சொற்பம். அதோடு டிரைக்கோடெர்மா கலந்த விதையில் கார்பன்டாசிமையும் சேர்த்துக் கலக்காதீர்கள், டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே, செத்துப்போகும். ரகம் மாற்றுகிற யோசனை இருந்தால் ஜி.பி.பி.டி. 4 கிடைக்குமா என்று விசாரியுங்கள், துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்கும்.

கடலைக்கொடியை மாட்டுக்குப் போடுகிறவர்கள் கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.