கூகுள், அமேசான் மாதிரி பெரிய டெக் கம்பெனியில் சேர்வதில் லாபம் என்ன, நஷ்டம் என்ன?

ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய தொகையை முதலில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை அலுவலகங்களில் அது மாதச் சம்பளம், சேரும்போது தரும் போனஸ், கம்பெனிப் பங்கு (ஆர்எஸ்யூ) என மூன்றாக இருக்கும். லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

நான்கு வருஷத்தில் 40 லட்சத்துக்குப் பங்கு என்றால் வருஷத்துக்குப் பத்து என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அமேசானில் நெடுங்காலம் இருந்த முறை வருஷவாரியாக 5-15-40-40 சதவீதம். விலை மாறாவிட்டால் முதல் வருஷம் 2 லட்சம், அடுத்து 6, பிறகு 16, 16. முதல் இரண்டு வருஷத்துப் பள்ளத்தை நிரப்பத்தான் அந்த போனஸ். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பங்கு உங்கள் கைக்கு வரும் நாளில் என்ன விலையோ, அது முழுக்கச் சம்பளக் கணக்கில் சேரும். 30% ஸ்லாபில் செஸ்ஸும் (வரி மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31.2% வரி. ஆகவே 100 பங்கு வந்தால் சுமார் 32 வரிக்கே போய்விடும். மிச்சம் 68ஐ விற்காமல் வைத்திருந்து விலை பாதியானாலும் கட்டிய வரி திரும்பாது. மெட்டா பங்கு 2021 செப்டம்பரில் 380 டாலரைத் தொட்டுவிட்டு 2022 நவம்பரில் 90க்குக் கீழே போனது. அப்படி வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. மூலதன ஆதாயத்தில் மட்டும், 8 வருஷம் வரை கழிக்கலாம். கம்பெனி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் வந்ததில் பெரும்பகுதியை உடனே விற்றுவிடுவதே நல்லது என்பேன். அன்றே விற்றால் கூடுதல் வரியும் ஏறக்குறைய இல்லை.

பங்கை விற்காமல் வைத்திருப்பவர்கள் வருமான வரிக் கணக்கை எளிய படிவமான ஐடிஆர்-1இல் போட முடியாது. ஐடிஆர்-2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அந்த அட்டவணைக்கு ஏப்ரல்-மார்ச் கிடையாது, ஜனவரி-டிசம்பர்! ஆடிட்டர்களே சில சமயம் கோட்டை விடுகிற இடம் இது. மறைத்தால் அபராதம் 10 லட்சம் (2024 அக்டோபரிலிருந்து வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சம் வரை இருந்தால் இந்த அபராதம் இல்லை, காட்டுவது மட்டும் கட்டாயம்). விற்கும்போது, கைக்கு வந்த நாளின் விலையையே வாங்கிய விலையாகப் போடுங்கள். பூஜ்யம் போட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி.

அடுத்த பெரிய லாபம் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ். பெற்றோரையும் சேர்க்க அனுமதிக்கும் பாலிசியாக இருந்தால் அவர்களுடைய சர்க்கரை, இதய நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். தனி பாலிசியில் பழைய நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் வேலை போனால் குரூப் பாலிசியும் கூடவே போகும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தன. சேர்ந்த மாதமே சிறியதாக ஒரு தனி பாலிசியும் எடுத்துவிடுங்கள். குரூப் பாலிசி காக்கும் காலத்திலேயே இதன் காத்திருப்பு கரைந்துவிடும்.

வேலையைப் பொறுத்தவரை, கோட் ரிவ்யூவில் (நீங்கள் எழுதிய நிரலைச் சக ஊழியர் சரிபார்ப்பது) ஒவ்வொரு வரியையும் கிழித்துத் தொங்கவிடுகிற பழக்கம் சின்னக் கம்பெனியில் அபூர்வம். இரண்டு வருஷத்தில் நீங்கள் எழுதும் கோட் சுத்தமாகிவிடும். கஷ்டம் கருவிகளில். கூகுளில் பில்டுக்கு (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவதற்கு) பிளேஸ், அதைச் சர்வர்களில் ஓட்ட போர்க். இரண்டும் வெளியே கிடையாது. வெளியுலகம் பயன்படுத்துவது அவற்றின் வாரிசுகளான பேசல், குபெர்னெட்டிஸ். ஐந்து வருஷம் உள்ளேயே இருந்தவர் அடுத்த இன்டர்வியூவில் குபெர்னெட்டிஸ் கேள்விக்கு விழிப்பது இதனால்தான். வார இறுதியில் ஒரு குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுப்பு) சொந்தமாக அமைத்துப் பழகுங்கள்.

பதவி உயர்வு, பழைய சிஸ்டத்தைச் சத்தமில்லாமல் ஓட்டுபவரைவிடப் புதிதாக ஒன்றைக் கட்டியவருக்கே எளிதில் வரும். மேனேஜரோடு பேசும் சுற்றில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு வருஷத்தில் இந்த டீமில் எத்தனை பேருக்கு உயர்வு வந்தது? ஆன்-கால் (சிஸ்டம் பழுதானால் எந்த நேரமும் கவனிக்க வேண்டிய முறை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, ராத்திரியில் எத்தனை தடவை எழுப்பும்? எண்ணாகப் பதில் வராவிட்டால் வேறு டீம் கேட்டுப் பாருங்கள்.