விளையாடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கணினி: கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்காக ஒன்றரை ஆண்டுக்கு முன் தஞ்சாவூர்க் கடை ஒன்றில் கணினி அசெம்பிள் செய்து வாங்கினோம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). படிப்பு வேலைக்கோ படம் பார்ப்பதற்கோ ஒரு தொல்லையும் இல்லை. கேம் விளையாடத் தொடங்கிய பத்து, இருபது நிமிடங்களில் திரை கறுத்து, கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை எதுவும் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் இது அதிகம். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் செய்து கொடுத்தார் கடைக்காரர். மறுநாளே பழைய கதை. இப்போது கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார். பழைய கணினிக்கு வாங்கிய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில்தான் இணைத்திருக்கிறோம். கார்டை மாற்றிவிடலாமா?
— வாசகர், மன்னார்குடி அருகில்

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மூன்றும், அதாவது நீலத்திரை வராமை, பளு ஏறும்போது மட்டும் நிகழ்வது, மாலையில் கூடுவது ஆகியவை, கார்டைவிட மின்சாரம் வரும் வழியையே முதலில் சந்தேகிக்கச் சொல்கின்றன. கார்டு கெட்டிருந்தால் பெரும்பாலும் திரையில் கோடுகளும் கட்டங்களும் தெரியும். அல்லது கேம் மட்டும் மூடிக்கொள்ளும். கணினி முழுவதும் ஒரே கணத்தில் அணைந்து எழுவது, மதர்போர்டுக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் தடுமாறியதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிராபிக்ஸ் கார்டு முழுப் பளுவில் 200 வாட் எடுக்கும். அதைச் செய்த என்விடியா நிறுவனமே இந்தக் கார்டுள்ள கணினிக்குக் குறைந்தது 600 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று குறிப்பிட்டுள்ளது. பிராசசர் சுமார் 75 வாட், மதர்போர்டு, ரேம், விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைத்தால் உள்ளே 325 வாட் ஆகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வெப்பமாகப் போகும் இழப்பையும் மானிட்டரையும் சேர்த்தால், யு.பி.எஸ்.ஸிடமிருந்து கணினி கேட்பது 400 வாட்டைத் தொட்டுவிடும். ஆனால் 600 வி.ஏ. என்று விற்கப்படும் யு.பி.எஸ்.கள் பொதுவாகத் தருவது 360 வாட்தான். வி.ஏ.வும் வாட்டும் ஒன்றல்ல என்பதைக் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மாலையில் ஏன் கூடுகிறது என்பதற்கும் இங்கே விடை இருக்கலாம். ஆற்றுத்தண்ணீர் போதாத நாட்களில் குறுவைக்குப் போர்வெல் மோட்டார்கள் ஓடுகின்றன. மோட்டார் கிளம்பும் கணத்தில் அது வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள வீடுகளில் விளக்கு ஒருமுறை மங்கித் தெளிவதை நம் ஊர்களில் பார்க்காதவர் இல்லை. மாலையில் எல்லா வீட்டு விளக்கும் டிவியும் சேரும்போது வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது. அப்படி இறங்கும்போது யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும், அந்தச் சில மில்லி நொடிகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். தன் கபாசிட்டரில் உள்ள இருப்பைக் கொண்டே கணினியைத் தாங்க வேண்டும். தரமான எஸ்.எம்.பி.எஸ். முழுப் பளுவிலும் 16 மில்லி நொடி அளவு தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. மலிவானதில் அந்த இருப்பு குறைவு. எக்செல் திறந்திருக்கும்போது கணினி எடுப்பது சொற்பம் என்பதால் அது போதுமானதாகிறது. கேம் ஓடும்போது அதே இருப்பு கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடுகிறது. படிக்கும்போது நன்றாக இருக்கும் கணினி விளையாடும்போது மட்டும் விழுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே முதல் சோதனை செலவில்லாதது. மழையும் இடியும் இல்லாத ஒரு மாலையில், யு.பி.எஸ்.ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விலக்கிவிட்டு, கணினியை நேராகச் சுவர் பிளக் பாயின்ட்டில் செருகி ஒரு மணி நேரம் அதே கேமை ஓடவிடுங்கள். தொல்லை நின்றுவிட்டால் வாங்க வேண்டியது 1,100 வி.ஏ. அளவுள்ள யு.பி.எஸ்.; கார்டு அல்ல. செருகும் முன் பிளக்கின் பித்தளைக் கால்களைப் பாருங்கள். சென்ற கோடையில் என் வீட்டுக் கணினியும் இப்படி இரண்டு முறை அணைந்து எழுந்தது. பிளக்கை உருவிப் பார்த்தபோது ஒரு கால் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு நகத்தளவு உருகி மடிந்திருந்தது. சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்துபோய், பளு ஏறும்போதெல்லாம் அங்கே சூடேறியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை வரவேயில்லை.

நேராகச் செருகியும் ரீஸ்டார்ட் ஆனால் இரண்டாவது சோதனை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்ற ஸ்லைடரை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமின் அமைப்பில் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்ற அளவை) 60-க்குள் நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் கார்டு எடுக்கும் மின்சாரம் குறைந்துவிடும். அப்போது மணிக்கணக்கில் சீராக ஓடி, பழைய அளவுக்கு ஏற்றியதும் மீண்டும் விழுந்தால், குற்றவாளி ஏறக்குறைய உறுதியாக எஸ்.எம்.பி.எஸ்.தான். இக்காலக் கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறிய பகுதிக்குத் தம் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். அந்தத் திடீர் இழுப்பை மலிவான எஸ்.எம்.பி.எஸ். தாங்குவதில்லை.

கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளையும் பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள 450-ஐ விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று படித்து, அதைப் 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 216 வாட். உங்கள் கார்டு ஒன்றுக்கே 200 வாட் வேண்டும். கேபினட்டோடு இனாமாக வருபவற்றில் இந்த நிலை அரிதன்று. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைக் காட்டி விண்டோஸ் கெட்டுவிட்டது என்று சொல்வது தவறு. முந்தைய முறை கணினி முறையாக மூடப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அதற்குள் பக்செக் கோடு என்ற பிழை எண் 0 என்றிருந்தால் மின்தடுமாற்றம் என்ற ஐயம் வலுக்கும். வேறு எண் இருந்தால் டிரைவர், ரேம் பக்கம் தேட வேண்டும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒருமுறை அணைத்துப் பார்ப்பதும் நல்லது. சூட்டைப் பொறுத்தவரை, பிராசசர் 90 டிகிரியையும் கார்டு 93 டிகிரியையும் நெருங்காதவரை கவலை வேண்டாம்.

கடைசி நிரூபணம்: மகனின் நண்பர் யாரிடமாவது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். உள்ள கணினி இருந்தால், உங்கள் கார்டை அதில் பொருத்தி விளையாடிப் பாருங்கள். அங்கே ஓடினால் கார்டு நலமாக இருக்கிறது. ஒருவேளை அங்கும் விழுந்தாலும் 28,000 ரூபாய்க்கு அவசரம் இல்லை. கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி இருக்கிறது. உங்களுக்கு ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. வாரண்டியைப் பற்றிப் பேசாமல் புதுக் கார்டுக்கு விலை சொன்ன கடைக்காரரிடம் அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியிருந்தால், 12 வோல்ட்டில் 50 ஆம்பியருக்குமேல் தரும் 650 வாட் வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அதைத் தரச்சான்றாக எண்ண வேண்டாம், வாரண்டி எத்தனை ஆண்டு என்று பாருங்கள். அதில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் அமைப்பு) இருந்தால், வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் யு.பி.எஸ். பொருத்தமானது.

கேள்வி: அதே கடைக்காரர், 600 வாட் தேவைப்படும் கார்டுக்கு 450 வாட் கொடுத்தது தன் தவறில்லை என்கிறார். பில்லில் “கம்ப்யூட்டர் 1 செட்” என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— அதே வாசகர்

பதில்: பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தால் அவர் அப்படிச் சொல்ல இடமுண்டு. அவரே தேர்ந்து, இணைத்து, ஒரே செட்டாக விற்றிருப்பதால் அந்தச் சேர்க்கை பொருந்துவதற்கும் அவரே பொறுப்பு. “1 செட்” என்ற பில் இந்த வாதத்துக்கு உங்களுக்கு உதவவே செய்யும். வாரண்டிக்குத்தான் அது இடையூறு. ஆகவே ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, அவற்றைக் குறித்துத் தரும்படி கடையில் எழுத்தில் கேளுங்கள். சோதனைகளின் நாள், நேரம், முடிவு ஆகியவற்றை எழுதி, ரீஸ்டார்ட் ஆவதை வீடியோ எடுத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றித் தரவும் 800 ரூபாயைத் திருப்பித் தரவும் கோரி கடிதம் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தர வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே அது கணக்கிடப்படக்கூடும் என்பதால், உங்களுக்கு இன்னும் ஆறு மாதமே இருக்கிறது என்று வைத்துச் செயல்படுங்கள்.

கேள்வி: கணினி அவ்வப்போது ரீஸ்டார்ட் ஆவதோடு, கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. இது சாதாரணம்தானா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சாதாரணம் இல்லை. எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றிக் கேபினட்டில் நிற்கிறது. உப்புக்காற்றில் எர்த் கம்பியும் குழாயும் அரித்துப்போவது உங்கள் பகுதியில் அடிக்கடி நேர்வது. ரீஸ்டார்ட்டுக்கு நேரடிக் காரணம் எர்த் அல்ல என்றாலும், துருவேறிய அதே சாக்கெட்டில் நியூட்ரலும் தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்டேஜை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கையும் எர்த் குழியையும் சரிசெய்ய வேண்டும். அது முடியும் வரை கணினியின் பிளக்கை உருவியே வைத்திருங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இன்றைக்கே.