ஆடினவர் பாடேல்லையாம்! – போனி எம் பற்றி ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

கோயில் திருவிழாக்களுக்கு வாற இசைக்கோஷ்டியளப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சனான், அதால இதையும் உங்களிட்டயே கேப்பம் எண்டு நினைச்சன். போன மாசம் கிளிநொச்சியில எங்கட சொந்தத்துக்க ஒரு கலியாணம். டீஜே போட்ட பாட்டுகளில ரஸ்புடினும் வந்திச்சு, பெடியள் பெட்டையள் எல்லாம் ரிக்ரொக்கில பாத்த மாதிரி குந்தி எழும்பி ஒரே ஆட்டம். அப்பாவுக்கு வலு புளுகம், "உது எங்கட காலத்துப் போனி எம், உந்த ஆள் பாடி ஆடினா..." எண்டு தொடங்க, என்ர பெறாமகன் போனை நோண்டிப்போட்டு "அம்மப்பா, உவர் பாடவே இல்லையாம், வேற ஆள் பாட இவர் வாயசைச்சவராம்" எண்டிட்டான். அப்பாவின்ர முகம் செத்துப்போச்சு. வீட்ட வந்தும் "இவ்வளவு காலமும் எங்களைப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்" எண்டு ஒரே புறுபுறுப்பு. யூரியூப்பில தேடினா ஒவ்வொரு வீடியோவில ஒவ்வொரு ஆக்கள் நிக்கினம், எல்லாருக்கும் பேர் போனி எம். இதில எது உண்மையான குறூப்? ஏமாத்து வேலைதானோ? அப்பாவுக்கு நான் என்ன சொல்ல?

– ஒரு வாசகி, முள்ளியவளை

தங்கச்சி,

பெறாமகன் சொன்னது சரிதான். அப்பா சொன்ன ஆள் போனி எம்மில ஆடின பொபி ஃபரல், அவர் அந்த ரெக்கோட்டுகளில பாடேல்லை, அந்த அடிக்குரல் அவற்றை இல்லை. ஆனா அப்பா கவலைப்படுற அளவுக்கு அது பெரிய விசயமோ எண்டா, எனக்கு அப்பிடித் தெரியேல்லை, ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போனி எம் ஒரு குறூப்பாத் தொடங்கினதே இல்லை. ஃபிராங்க் ஃபாரியன் எண்டு ஒரு ஜேர்மன்காரர், முதல் சமையல் வேலை பழகி, பிறகு தானே பாட்டுப் பாடிப் பாத்து, பிறகு புரொடியூசரா வந்த ஆள். 1975இல "பேபி டூ யூ வோனா பம்ப்" எண்டு ஒரு டிஸ்கோ பாட்டை ஸ்ரூடியோவில இருந்து செய்தார். அதில கேக்கிற அடிக்குரலும் அவர்தான், மேல கீச்சுக்குரலில வாறதும் அவர்தான். தன்ர சொந்தப் பேரில விட விருப்பமில்லை, அந்த நேரம் ரீவியில போன ஒரு அவுஸ்ரேலியத் துப்பறியும் நாடகத்தில வாற ஆளின்ர பேர் போனி, அதை எடுத்துப் பின்னால ஒரு எம் ஐப் போட்டு விட்டிட்டார். பாட்டு ஒல்லாந்திலயும் பெல்ஜியத்திலயும் பிச்சுக்கொண்டு போச்சு. சனம் கேக்குது, ரீவிக்காரர் கூப்பிடுறாங்கள், டிஸ்கோக்காரர் கூப்பிடுறாங்கள், ஆனா அனுப்பிறதுக்கு ஆக்கள் இல்லை. பாட்டுக்குப் பிறகுதான் குறூப்பைத் தேடினவர், இதை முதல்ல மனசில வச்சுக்கொள்ளுங்கோ.

அப்பிடிச் சேத்த ஆக்கள் முதல் வருசத்திலயே வாறதும் போறதுமா இருந்தவை. மொன்செராற் எண்ட குட்டித் தீவில பிறந்த மேசி வில்லியம்ஸ் எண்ட மொடல் தொடக்கத்திலயே இருந்தவா. அருபாவில பிறந்து ஒல்லாந்துப் பக்கம் வந்து, டீஜேயாயும் டான்ஸராயும் திரிஞ்ச பொபி ஃபரலைப் பிடிச்சினம். ஜமேக்காவில பிறந்த மார்சியா பரெற் வந்தா. குளோஜா பரி எண்டு ஒரு பாட்டுக்காரி கொஞ்ச நாள் நிண்டு போயிட்டா, அவவின்ர இடத்துக்கு 1976 தொடக்கத்தில வந்தவதான் லிஸ் மிச்சல், அவவும் ஜமேக்காவில பிறந்து சின்னனிலயே லண்டனுக்குப் போன ஆள். இந்த நாலு பேரும்தான் எங்கட அப்பாமாருக்குத் தெரிஞ்ச போனி எம்.

ஸ்ரூடியோவுக்குள்ள நடந்தது வேற. மைக்குக்கு முன்னால நிண்டது லிஸ், மார்சியா, மற்றது ஃபாரியன். மேசியின்ர குரலும் பொபியின்ர குரலும் அந்த ரெக்கோட்டுகளில இல்லை, இதைப் பிறகு ஃபாரியனே ஒத்துக்கொண்டவர். மேடையில நேரடியா நிகழ்ச்சி நடக்கேக்க நாலு பேரும் பாடினவை, அது வேற கதை. "டாடி கூல்" 1976இல வந்தது, முதல்ல பெரிசா எடுபடேல்லை, அந்த வருசம் செப்ரெம்பரில ஜேர்மன் ரீவியில நாலு பேரும் வந்து ஆடினாப் பிறகுதான் மேல ஏறி முதலாமிடத்துக்குப் போனது. பாத்தீங்களோ, குரல் முதலே ரெக்கோட்டில இருந்ததுதானே, சனம் கடைக்கு ஓடினது பொபி ஆடினதைக் கண்டு.

பிறகு 1978. அந்த ஒரு வருசத்தில மட்டும் என்னவெல்லாம் நடந்தது! "ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்" பிரிட்டனில 5 கிழமை முதலாமிடம். அது இறங்கத் தொடங்கின நேரம் ரேடியோக்காரர் ரெக்கோட்டைப் பிரட்டி மற்றப் பக்கத்தில இருந்த "பிறவுண் கேர்ள் இன் த ரிங்"கைப் போடத் தொடங்க, திருப்பியும் ஏறினது, ரெண்டு பக்கமும் சேத்து பிரிட்டனில மட்டும் 20 லட்சத்துக்குக் கிட்ட வித்தது. ரஸ்புடின் அதே வருசம். டிசெம்பரில மொஸ்கோவுக்குப் போய் நிகழ்ச்சி செய்தவை, அந்தக் காலத்தில வெளிநாட்டு டிஸ்கோ குறூப் ஒண்டு சோவியத்துக்குள்ள போறது லேசுப்பட்ட விசயமில்லை, ஆனா ரஸ்புடினை மட்டும் அங்க பாடக்கூடாது எண்டிட்டாங்கள். ரஸ்யாக்காரனைப் பற்றின பாட்டை ரஸ்யாவில பாட ஏலாது, எங்களுக்கு இது புதுசில்லைத்தானே, எங்க எதைப் பாடலாம் எதைப் பாடக்கூடாது எண்டு பாத்துப் பாத்து வாழ்ந்த ஆக்கள் நாங்கள். அந்த வருச நத்தாருக்கு பிரிட்டனில முதலாமிடத்தில நிண்டதும் இவையின்ர "மேரிஸ் போய் சைல்ட்" தான், இப்பவும் டிசெம்பர் பிறந்தா வவுனியாக் கடைத்தெருவில ரெண்டு கடைக்கு ஒரு கடை அதைத்தான் போடும்.

வன்னிக்குள்ள இந்தப் பாட்டுகள் வந்தது பெரும்பாலும் கசற்றிலதான். ரெக்கோடிங் பாரில வெறுங்கசற்றைக் குடுத்து, ஒரு பக்கம் இளையராசா, மற்றப் பக்கம் போனி எம்மும் எங்கட பொப்பிசையும் எண்டு அடிச்சு எடுத்தவை கனபேர். பேரும் ஊரும் ஒண்டும் தெரியாது, கறுப்பர் நாலு பேர், நல்லா ஆடுவினம், அவ்வளவுதான். பிறகு தொண்ணூறுகளில கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையில பற்றிகூட உள்ளுக்க வராது, சைக்கிளை ஸ்ராண்டில விட்டு ஒருத்தர் மிதிக்க டைனமோவில பாட்டுக் கேட்ட காலம். மிதிக்கிறவன் களைச்சா பாட்டும் இழுபடும், போனி எம் மாதிரி துள்ளுற பாட்டு எண்டா உடன தெரிஞ்சிடும், "டேய் கெதியா மிதியடா" எண்டு நாலு பக்கத்தால பேச்சு விழும். லிஸ் மிச்சலின்ர குரல் ஆம்பிளைக் குரலாகிப் பிறகு திரும்பப் பொம்பிளைக் குரலானதை நாங்கள் கேட்டிருக்கிறம், ஃபாரியன் செய்த வித்தையள் எல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது.

அதிலயும் அந்த பாபிலோன் பாட்டு. அது இவையின்ர சொந்தப் பாட்டில்லை, ஜமேக்காவில மெலோடியன்ஸ் எண்ட குறூப் 1970இல பாடினது. சொல்லு பெரும்பாலும் பைபிளில 137ஆம் சங்கீதம். ஊரை விட்டுக் கலைச்சுக்கொண்டு போன சனம் அந்நியன்ர ஆத்தங்கரையில குந்தியிருந்து தங்கட ஊரை நினைச்சு அழுகுது, பிடிச்சுக்கொண்டு போனவன் "உங்கட பாட்டில ஒண்டைப் பாடுங்கோவன்" எண்டு கேக்கிறான், பிற தேசத்தில எப்பிடிப் பாடுறது எண்டு அதுகள் கேக்குதுகள். இதைத்தான் நாங்கள் இடம்பெயர்ந்து வந்த கொட்டிலுக்குள்ள சைக்கிளை மிதிச்சு மிதிச்சு ஆடினது, ஒரு சொல்லும் விளங்காமல். பாடினவைக்கு விளங்கியிருக்கும், நாலு பேரும் கரீபியன் தீவுகளில இருந்து கடல் கடந்து வந்த ஆக்கள்தானே.

சரி, ஆக்கள் மாறின கதைக்கு வருவம். 1981 கடைசியில பொபிக்கும் ஃபாரியனுக்கும் ஒத்துவராமல் பொபியை நிப்பாட்டியாச்சு. அவற்றை இடத்துக்கு 1982இல வந்தவர் ரெஜி சிபோ, கானாவைச் சேர்ந்தவர், இவர் உண்மையாப் பாடக்கூடிய ஆள், ரெக்கோட்டில இவற்றை குரல் இருக்கு. கணக்குப்படி பாத்தா குறூப் இன்னும் திறமா வந்திருக்கோணுமெல்லோ, முந்தி வாயசைச்சவர் நிண்ட இடத்தில இப்ப பாட்டுக்காரர் நிக்கிறார். நடந்தது மறுவளம். பழைய சத்தமில்லை. டிஸ்கோவின்ர காலமும் முடிஞ்சு கொண்டு வந்தது, அதை மறைக்கேல்லை, எல்லாத்தையும் பொபியின்ர கணக்கில எழுத ஏலாது. ஆனாலும் கடைசியில பொபியைத் திருப்பிக் கூப்பிட்டவை, ரெஜியும் நிக்க அஞ்சு பேராக்கூட நிண்டு பாத்தவை, 1986ஓட பத்து வருசம் முடிய குறூப்பும் முடிஞ்சுது. ஒரு வரியும் ரெக்கோட்டில பாடாத ஆளைத்தான் அவையால ஈடுகட்ட முடியாமல் போனது, அப்பாவுக்கு நீங்கள் சொல்லவேண்டியது இதைத்தான். அப்பா கண்டு ஆசைப்பட்டது பொபியின்ர ஆட்டத்தை, அந்த ஆட்டம் பொய்யில்லை, அந்தக் காலும் கையும் அவற்றைதான்.

எங்கட பக்கத்தில காத்தவராயன் கூத்துப் பாத்திருப்பீங்கள். ஒரு இரவுக்குள்ள ரெண்டு மூண்டு பேர் மாறி மாறிக் காத்தானா வருவினம், ஒருத்தர் உள்ளுக்க போக மற்றவர் ஆடிக்கொண்டு வருவார், எது உண்மையான காத்தான் எண்டு ஆரும் எழும்பிக் கேட்டதில்லை. ஆனா ஊரில எல்லாருக்கும் தெரியும் எந்தக் காத்தான் திறம் எண்டு, அவர் வாற நேரம் பாத்து நித்திரையால எழும்புற சனமும் இருக்கு. யூரியூப்பில நீங்கள் கண்ட போனி எம்முகளும் அப்பிடித்தான். பிரிஞ்சாப் பிறகு லிஸ் ஒரு குறூப், மேசி ஒரு குறூப், பொபி ஒரு குறூப் எண்டு தனித்தனியா புது ஆக்களைச் சேத்து ஊர் ஊரா நிகழ்ச்சி செய்தவை, ஒவ்வொண்டிலயும் பழைய ஆள் ஒருத்தர், மிச்ச எல்லாம் புதுசு. என்னைக் கேட்டா பாட்டுக் கேக்கிறதெண்டா லிஸ் நிக்கிறது, அதில எனக்கு ரெண்டாம் பேச்சில்லை, பெரும்பாலான பெரிய பாட்டுகளில முன்னுக்கு நிண்டு இழுத்துக்கொண்டு போன குரல் அவவின்ரதான். ஆட்டம் பாக்கிறதெண்டா பொபி, பழைய வீடியோவிலதான் இனிப் பாக்கலாம். அவர் 2010 டிசெம்பர் 30 ரஸ்யாவில சென் பீற்றர்ஸ்பேர்க்கில முதல் நாள் நிகழ்ச்சி செய்துபோட்டு ஹொட்டேல் அறையில செத்துப்போனார். பாட்டில வாற ரஸ்புடினைக் கொலை செய்ததும் அதே நகரத்தில, அதே திகதி, 1916இல. இதுக்கு நான் ஒரு விளக்கமும் சொல்ல வரேல்லை, சாத்திரம் பாக்கிற ஆக்கள் பாத்துக்கொள்ளட்டும்.

ஏமாத்து வேலையோ எண்டு கேட்டீங்கள். ஒருத்தர் பாட இன்னொருத்தர் வாயசைக்கிறது ஏமாத்தெண்டா தமிழ்ச் சினிமா முழுக்க ஏமாத்துத்தான். ஆனா இலங்கை வானொலியில ஒரு பாட்டுப் போட முதல் படத்தின்ர பேர், பாடினவரின்ர பேர் எல்லாம் சொல்லித்தான் போடுவினம், சிவாஜி வாயசைச்சாலும் பாடினது ரீ.எம்.எஸ் எண்டு குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். ஃபாரியன் செய்த பிழை குரலையும் ஆளையும் பிரிச்சதில இல்லை, அதை மறைச்சதில. மறைச்சா ஒரு நாளைக்கு அது ஆடின ஆளின்ர தலையிலதான் விழும், ஸ்ரூடியோவுக்குள்ள இருந்த ஆளின்ர தலையில இல்லை. பொபிக்கு அது மெல்லமா விழுந்தது. ஃபாரியன் பிறகு செய்த மிலி வனிலி எண்ட குறூப்புக்கு இடியா விழுந்தது. ரொப், ஃபாப் எண்டு ரெண்டு வடிவான பெடியள், ஒரு வரியும் ரெக்கோட்டில பாடேல்லை, 1989இல அமெரிக்காவில ஒரு மேடையில பின்னால ஓடின பாட்டு சிக்கித் திருப்பித் திருப்பி ஒரே வரியைச் சொல்ல ரொப் மேடையை விட்டே ஓடினான், 1990 மாசியில குடுத்த கிராமி விருதை அதே வருசம் கார்த்திகையில திருப்பி வாங்கினவை. உலகம் முழுக்க அந்த ரெண்டு பெடியளையும்தான் நக்கலடிச்சது. ரொப் 1998இல செத்தும் போனான், 32 வயசு. இதையெல்லாம் யோசிச்சுச் செய்த ஃபாரியன் 2024 தையில 82 வயசில போய்ச் சேர்ந்தார். அதால அப்பா கோவிக்கத்தான் வேணும் எண்டா பொபியோட கோவிக்க வேண்டாம், ஆள் மாறிக் கோவிக்கிறதாப் போயிடும்.

மற்றது பெறாமகனுக்கும் ஒண்டு சொல்லுங்கோ. அவன் ரிக்ரொக்கில கேட்டது 2021இல மஜெஸ்ரிக் எண்ட டீஜே திருத்தி விட்ட சின்னத் துண்டு. பழைய ரெக்கோட்டில ரஸ்புடின் முழுசா ஆறு நிமிசத்துக்குக் கிட்ட ஓடும். அம்மப்பாவின்ர கசற்றைப் போட்டு அந்த ஆறு நிமிசமும் குந்தி எழும்பி ஆடி முடிக்கட்டும், பிறகு வந்து பொபியைப் பற்றிக் கதைக்கட்டும்.